பாட்டி சுமந்த பேரக்குழந்தை

குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்து முடித்ததும் நர்சம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்போம். அதுவரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது. வாந்தி வர்ற மாதிரி இருந்தா உடனே சொல்லும்மா."

படப்பைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். வராந்தா பெஞ்சில் என் அக்கா, ஐந்து மாதக் கர்ப்பிணியான அவள் மகள், துணைக்கு நான். மூவருக்கும் அடுத்து, ஒடிசாவிலிருந்து கணவனோடு வந்து இங்கே வேலை பார்க்கும் ஒரு பெண். அவளும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 75 கிராம் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் திகட்டத்தானே செய்யும்.

அக்காவுக்கு அந்தக் காத்திருப்பு பழைய கதைகளைக் கிளறிவிட்டது. "இவ வயித்துல இருந்தப்ப யாரு இதெல்லாம் பார்த்தா? ஏழு மாசம் வரைக்கும் கழனியில நாத்து நட்டேன். ராத்திரி சோத்தைக் கொறைச்சுக்கோ, புள்ள பெருசாயிட்டா பிரசவத்துல கஷ்டப்படுவேன்னு எங்க மாமியா சொல்லும். நானும் கொறைச்சுக்கிட்டேன். ரெண்டேகால் கிலோதான் பொறந்தா."

அக்கா மகள் பிறந்தது 1998-இல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்த ஆண்டு அது. இந்த வட்டாரத்தில் கழனி, கம்பெனியாக மாறத் தொடங்கிய நேரம். இன்று அவளும் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி எனக்கு ஓடிய கணக்கு இதுதான். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாமே அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. அவள் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போது அவளுடைய சின்னஞ்சிறு சினைப்பைகளில் அறுபது, எழுபது லட்சம் முட்டைக் கருக்கள் இருக்கும். அதற்குப் பிறகு அவை குறையுமே தவிரக் கூடுவதில்லை. அப்படியானால் இப்போது அக்கா மகளின் வயிற்றில் வளரும் குழந்தையின் பாதி, அந்த முட்டை, 1998-இல் அக்கா சேற்றில் குனிந்து நாற்று நட்டபோது அக்காவின் வயிற்றுக்குள்ளேதான் இருந்தது. அக்கா தன் பேரக்குழந்தையை அன்றைக்கே சுமந்துவிட்டாள். அவள் ராத்திரிச் சோற்றைக் குறைத்துக்கொண்டபோது அது இரண்டு தலைமுறைக்கும் சேர்த்துக் குறைந்தது.

இப்படி எழுதும்போது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது. ஆனால் கடந்த 40 ஆண்டுகளாக மருத்துவ ஆய்வு சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்த இடத்தில்தான்: நாற்பது, ஐம்பது வயதில் வரும் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாரடைப்புக்கும் விதை, பிறப்பதற்கு முன்பே ஓரளவு விழுந்துவிடுகிறது.

இதை உலகத்துக்குச் சொன்னவர் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர். இங்கிலாந்தில் எந்த ஊர்களில் மாரடைப்புச் சாவு அதிகம் என்று வரைபடம் போட்டுப் பார்த்தார். வசதியும் கொழுப்பும்தான் காரணம் என்றால் பணக்கார ஊர்கள் அல்லவா முன்னால் நிற்க வேண்டும்? ஏழை ஊர்கள் நின்றன. அதைவிட விசித்திரம், 1921 முதல் 1925 வரை பச்சிளங்குழந்தைகள் அதிகம் இறந்த ஊர்களும் அவைதான். 1986-இல் இதை வெளியிட்டார். அந்த ஊர்களில் சாகாமல் பிழைத்த குழந்தைகள்தான் ஐம்பது ஆண்டுகள் கழித்து இதய நோயாளிகள் ஆகியிருக்க வேண்டும் என்பது அவர் ஊகம்.

ஊகத்துக்குச் சான்று ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தின் பழைய பேரேடுகளில் கிடைத்தது. அங்கே 1911-இலிருந்து மருத்துவச்சிகளும் சுகாதாரச் செவிலியர்களும் வீடு வீடாகப் போய், பிறந்த குழந்தையின் எடையையும் ஒரு வயது எடையையும் எழுதி வைத்திருந்தார்கள். பார்க்கரின் குழு அந்தக் குழந்தைகள் பின்னால் என்ன ஆனார்கள் என்று தேடியது. ஒரு வயதில் நோஞ்சானாக இருந்த ஆண்கள் மாரடைப்பில் இறந்தது அதிகம். பல ஆண்டுகளுக்கு முன் எழுதி முடித்து அலமாரியில் ஏறிய ஓர் எண், ஒரு மனிதனின் சாவைப் பற்றிப் பேசியது. நம் கிராம சுகாதாரச் செவிலியர் அட்டையில் எழுதும் எண்ணை நான் அன்றிலிருந்து வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

நமக்கு இன்னும் பக்கத்திலும் ஒரு பேரேடு இருந்தது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மிஷன் மருத்துவமனை 1934 முதல் பிறப்புப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருந்தது. அங்கே பிறந்து அதே ஊரில் வாழ்ந்த 517 பேரைக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். முடிவு 1996-இல் வந்தது. 45 வயதைத் தாண்டியவர்களில், பிறக்கும்போது இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் இருந்தவர்களிடம் இதய நோய் 11 சதவீதம். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தவர்களிடம் 3 சதவீதம். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையும் 1969 முதல் 1973 வரை நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்கள் ஆகும் வரை தொடர்ந்து பார்த்து வந்திருக்கிறது. இப்படி ஒரு பொறுமை எத்தனை துறைகளில் இருக்கிறது?

ஆனால் ஒரு குட்டி உடம்புக்குள் நடப்பது என்ன? சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ரத்தத்தை வடிகட்டும் நுண் வடிகட்டிகள் சராசரியாகப் பத்து லட்சம் வரை இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். சிலருக்கு இரண்டு, மூன்று லட்சம்தான். சிலருக்கு இருபது லட்சம். இவையும் கருமுட்டை மாதிரிதான். ஒன்பதாம் மாதத்தோடு கட்டுமானம் முடிந்துவிடும், அதற்கப்புறம் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் வடிகட்டிகள் சுமார் இரண்டரை லட்சம் கூடுகின்றன என்று எண்ணிச் சொன்ன ஆய்வு இருக்கிறது. எடை குறைந்து பிறந்தவன் கொஞ்ச வடிகட்டிகளைக் கொண்டே வாழ்நாள் வேலையைச் செய்தாக வேண்டும். ஒவ்வொன்றும் அதிக அழுத்தத்தில் உழைக்கும், சீக்கிரம் தேயும். ஒன்று தேய்ந்தால் அதன் பாரமும் மிச்சமிருப்பவற்றின் தலையில். ரத்த அழுத்தம் ஏறும். நாற்பது வயதில் டாக்டர், "உப்பைக் குறைங்க" என்பார். குறைக்கத்தான் வேண்டும். ஆனால் கதை உப்பில் தொடங்கவில்லை.

கருவில் சாப்பாடு போதாதபோது உடம்பு ஒரு குடும்பத் தலைவி மாதிரி நடந்துகொள்கிறது. இருப்பதை வைத்து முதலில் மூளைக்கு. அதற்கடுத்துத்தான் தசை, சிறுநீரகம், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள். தசை குறைந்த உடம்புக்குச் சர்க்கரையைச் செலவழிக்க இடம் குறைவு. கூடவே, வெளியே பஞ்சம்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் கிடைப்பதைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும் பழக்கத்தையும் கற்றுக்கொள்கிறது. வெளியே உண்மையிலேயே பஞ்சம் இருந்தால் இது உயிர் காக்கும் ஏற்பாடு. வெளியே புரோட்டாவும் பாட்டில் குளிர்பானமும் இருந்தால் அதே ஏற்பாடு எதிரியாகிவிடும்.

புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் 1993-இல் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் இதை நேரடியாகப் பார்த்தார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு மூன்றரை. எடை, தசை, வயிற்றுப்பகுதி எல்லாமே நம் குழந்தைகளுக்குக் குறைவு. ஆனால் முதுகுத் தோலைக் கிள்ளி அளந்தால் அடியிலுள்ள கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட வெள்ளைக்காரக் குழந்தைக்குச் சமம். மெலிந்த, ஆனால் கொழுத்த குழந்தை. 2004-இல் யாக்னிக்கும் ஜான் யுட்கின் என்ற லண்டன் மருத்துவரும் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். "ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர்?" என்று நம் வீடுகளில் கேட்காத மாமா, சித்தப்பா உண்டா? பதில் அந்த இரு படங்களில் இருக்கிறது.

டில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களில் 1,492 பேரை, சிறுவயது எடைப் பதிவுகளோடு 26 முதல் 32 வயதில் சோதித்தபோது இன்னொன்று தெரிந்தது. சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் ஒன்றிரண்டு வயதில் ஒல்லியாக இருந்தவர்கள். அதற்குப் பிறகு சம வயதுப் பிள்ளைகளைவிட வேகமாக எடை ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில் பார்த்தால் யாரும் குண்டுப் பிள்ளைகள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஒல்லி, பிறகு வேகமான ஏற்றம். அந்தச் சேர்க்கைதான் ஆபத்து. கழனியில் கருத்தரித்து கம்பெனியில் வயதுக்கு வந்த ஒரு வட்டாரத்தின் கதையும் இதே வடிவத்தில்தான் போகிறது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இது யாருடைய தலையெழுத்தும் இல்லை. குறைந்த எடையில் பிறந்த எத்தனையோ பேர் எழுபது வயதில் மிதிவண்டி மிதிக்கிறார்கள். பரம்பரை, உழைப்பு, தூக்கம், புகை எல்லாமே கணக்கில் வரும். கருப்பை முதல் அடியை எழுதுகிறது, அவ்வளவுதான். அந்த அடியைத் தாய்மார்கள் மீது பழியாகப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. 1944 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவை மறித்ததால் மேற்கு நெதர்லாந்து மக்கள் ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரியில் உயிர் பிடித்துக் கிடந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் கருவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரைக் கோளாறு கூடியது. பஞ்சத்தின்போதே கருவானவர்களின் மரபணுக்கள் மேல் படிந்த ரசாயனக் குறிகள்கூட அறுபது ஆண்டுகள் கழித்தும் மாறுபட்டே இருந்தன. அந்தத் தாய்மார்களா குற்றவாளிகள்? என் அக்காவா?

பசி மட்டும் இல்லை, மிகுதியும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது நச்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் தாண்டாது. குழந்தையின் பிஞ்சுக் கணையம் தானே கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளிக்கும். குழந்தை கொழுத்துப் பிறக்கும், வளர்ந்ததும் அதற்கும் சர்க்கரை வரும் வாய்ப்புக் கூடும். அது பெண்ணாக இருந்தால் அவள் கர்ப்பத்தில் இதே சுழல்.

இந்தச் சுழலை வெட்டும் இடம் எது என்று கண்டு, அதை அரசாங்கத்தின் காதில் விடாமல் ஓதியவர் நம் டாக்டர் வி. சேஷய்யா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்று தனித் துறையை வளர்த்தவர், 2022-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் குழு தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் கர்ப்பகாலச் சர்க்கரை நகரத்தில் 17.8 சதவீதம், நகரை ஒட்டிய பகுதியில் 13.8, கிராமத்தில் 9.9. படப்பை இந்த மூன்று எண்களையும் ஒரே ஆயுளில் கடந்து வந்திருக்கிற ஊர்.

அவர் முன்வைத்த சோதனையின் எளிமையை நான் இன்றும் வியக்கிறேன். மற்ற முறைகளில் வெறும் வயிற்றில் வர வேண்டும், இரண்டு மூன்று முறை ரத்தம் கொடுக்க வேண்டும். மூன்று பேருந்து மாறி வரும் ஒரு பெண்ணிடம், "சாப்பிட்டுட்டியா? அப்ப நாளைக்கு வா" என்றால் அவள் திரும்பி வரவே மாட்டாள். ஆகவே சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, வந்த அன்றே 75 கிராம் குளுக்கோஸைக் குடி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை ரத்தம். 140 மில்லிகிராமைத் தொட்டால் சிகிச்சை. தமிழ்நாடு அரசு 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10 இன்று நாடு முழுக்கக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். அக்கா மகள் குடித்த திகட்டும் தண்ணீருக்குப் பின்னால் இத்தனை யோசனை இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் இந்த மாநிலம் யாருக்கும் சளைத்ததில்லை. அங்கன்வாடியில் சத்துமாவு. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு. அதில் இப்போது வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பர் முதல் தொடக்கப்பள்ளியில் காலைச் சிற்றுண்டியும். கருவுற்று, பதிவு செய்துவிட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி. 1987-இல் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம் இன்று 18,000 ரூபாய்.

ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு முட்டை நிற்கிறது. மறுபடி அரசு அவளைத் தேடி வருவது கர்ப்பம் உறுதியான பிறகு, பல வாரங்கள் கழித்து. குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கி, உறுப்புகளின் வரைபடம் பெரும்பாலும் போட்டு முடிந்திருக்கும் நேரம். நடுவிலுள்ள அந்த ஏழெட்டு ஆண்டுகள் எங்கே கழிகின்றன? ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் என்று இந்தச் சாலையோர ஆலைகளில்தான். தென் மாவட்டத்துப் பெண்களும் வட மாநிலப் பெண்களும் பதினெட்டு, இருபது வயதில் வந்து விடுதியில் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ் ஏறும் ஆண்டுகள். நாளைய தாய்மார்களை இவ்வளவு நெருக்கமாக ஒரே இடத்தில் தமிழ்நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த ஒரே ஒரு விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 படுக்கைகள்.

இந்தப் பெண்கள் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் என் கவலை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. ஒரே மாநிலத்தில் இரண்டும். சோறு இருக்கிறது, சத்து இல்லை என்பதைத்தானே இது சொல்கிறது? 2021 டிசம்பரில் இந்த வட்டாரத்து ஆலையொன்றின் விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் ராத்திரியோடு ராத்திரியாக நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று செய்தியானது வாந்தியும் மறியலும். தினமும் வரும் வெறும் சோறும் நீர்த்த சாம்பாரும் செய்தியாகாது.

கர்ப்பத்துக்கு முன்பே சாப்பாட்டைச் சரிசெய்தால் பலன் உண்டா? மும்பைக் குடிசைப் பகுதிகளில் பார்த்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பாதிக்குக் கீரை, பால், பழம் கலந்த சமோசா போன்ற தின்பண்டம், மறு பாதிக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் ஒன்று. மொத்தமாகப் பார்த்தால் பிறப்பு எடையில் பெரிய மாற்றமில்லை. ஆனால் கருத்தரிக்க மூன்று மாதம் முன்பே தொடங்கியவர்களின் குழந்தைகள் ஏறத்தாழ 48 கிராம் கூடுதலாகப் பிறந்தன. கர்ப்பகாலச் சர்க்கரையோ கீரைச் சமோசா சாப்பிட்டவர்களிடம் 7.3 சதவீதம், மற்றவர்களிடம் 12.4. ஒரு சமோசாவால்.

அதனால் ஒரகடத்து கேன்டீன்களும் விடுதிச் சமையலறைகளும் என் கண்ணுக்கு மருத்துவமனைகளாகத்தான் தெரிகின்றன. 250 பேருக்கு மேல் உள்ள ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அந்த கேன்டீனில் தினம் ஒரு முட்டை, ஒரு கீரை, ஒரு டம்ளர் பால் என்று எழுதிச் சேர்ப்பதற்கு என்ன தடை? பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில்தான் பி12 கிடைக்கும். போலிக் அமிலம் நிறைய, பி12 குறைவு என்றிருந்த புனேத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று யாக்னிக் குழு கண்டது. மாத்திரை மட்டும் போதாது. உட்கார ஒரு ஸ்டூலும் வேண்டும். கர்ப்பத்தில் கடும் உடலுழைப்பு செய்த புனேப் பெண்களின் குழந்தைகள் எடை குறைந்தே பிறந்தன. 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஆனால் அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். காண்டிராக்ட் மாறி மாறி வேலை செய்யும் பெண் அந்த 80 நாளை யாரிடம் போய் நிரூபிப்பாள்? அக்கா மகள் கம்பெனியில் சொல்லவே பயந்து நாலு மாதம் நின்றே வேலை பார்த்தாள். விஷயம் தெரிந்தபின் சூப்பர்வைசர் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டாராம்.

இரண்டு மணி நேரம் ஆனது. நர்சம்மா கூப்பிட்டார், ரத்தம் எடுத்தார். "118. நார்மல்தாம்மா. ஆனா ரத்தம் 9.6 தான் இருக்கு, மாத்திரையை விடாதே." அக்கா மகள் வெளியே வந்ததும் அக்கா தூக்குப் பையை அவிழ்த்தாள். முருங்கைக்கீரைப் பொரியல், சோறு, மூன்று அவித்த முட்டை. மகள் தட்டில் இரண்டை வைத்துவிட்டு ஒடிசாப் பெண்ணைப் பார்த்தாள். "உனக்கு ஆச்சாம்மா?" அந்தப் பெண் கடிகாரத்தைக் காட்டி விரல்களை விரித்தாள். இன்னும் இருபது நிமிடம். அக்கா மூன்றாவது முட்டையைத் தாளில் மடித்து அவள் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தாள்.